முந்தின பிளம்பர்

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார் சவரியப்பன். அந்த நேரம் வீட்டில் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. வீட்டுக்காரி ருக்மணி மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து குளியலறை வாசலில் நின்றாள்.

"சத்தம் போடாதீங்கம்மா. தண்ணி மூச்சு வாங்குது."

பாகலூர் சாலையில் குழாய் வேலைக்கு ஆள் கேட்டால் முதலில் வரும் பெயர் இவருடையதுதான். வயது ஐம்பத்தெட்டு. தொப்பை முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். கர்நாடக எல்லைக்கு அப்பாலிருந்து ஊறி வரும் தண்ணீர் குழாய்க்குள் கன்னடத்தில்தான் முனகும் என்பது அவர் கட்சி. ஒரு மார்கழியில் தளி ஊரில் ஒரு வீட்டு ஷவரைத் திறந்தபோது பனிக்கட்டி விழுந்து வீட்டுக்காரர் தலையில் நாலு தையல் போட்டார்களாம். நாலு என்பது போன வருடக் கணக்கு, இப்போது ஏழு.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் வேலை ஒரு திட்டோடுதான் தொடங்கும். திட்டு, தனக்கு முன்னால் அங்கே குழாய் போட்ட ஆளுக்கு.

"எந்தப் புண்ணியவான்மா இது? கண்ண மூடிக்கினு போட்டிருக்கான்!"

"யாருக்குத் தெரியும்ணா? வீட்ட நாங்க வாங்கியே எட்டு வருசம் ஆவுது. மாடி எடுத்தோம், முன்பக்கம் எல்லாம் மாத்திட்டோம். பாத்ரூம் மட்டும் பழசு."

ருக்மணிக்குத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் விடிகாலை ஐந்தே காலுக்கு வந்துவிடும். ஷவரில் பச்சைத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெந்நீரோ நூலாக இறங்கியது. கீசர்தான் கோளாறு என்று ஒருவர் சொல்லப் புதுக் கீசரே மாட்டியாயிற்று. நூல் நூலாகவே இருந்தது. இன்னொருவர் சுவர் முழுதையும் இடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சவரியப்பன் கீசரிலிருந்து வெந்நீர் வெளியேறும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வாளி வழிந்தது.

"கீசரு சிங்கம்மா! செவுத்துக்குள்ளதான் எவனோ படுத்துத் தூங்கறான். ஒரே ஒரு டைல்ஸ் ஒடைக்க விடுங்க, போதும்."

"அதுக்கு ஜோடி இப்ப எங்கயும் கெடைக்காதுண்ணா. நீங்களும் தப்பா சொல்லிட்டா?"

"நானா?" நெஞ்சில் தட்டிக்கொண்டார். "இந்த ஒரு டைல்ஸ்ல புடிக்கலைன்னா ரெஞ்ச இங்கயே வெச்சுட்டுப் போயிடறேன். புடிச்சுட்டேன்னா, பைப்பு போட்டவன் எங்க இருந்தாலும் இழுத்தாந்து இதே பாத்ரூம்ல பத்து தோப்புக்கரணம் போட வெக்கறேன். நீங்க எண்ணுங்க."

உளி தட்டியது. டைல்ஸ் போனது. குழாய் வளையும் இடத்திலிருந்த எல்போவை அறுத்து எடுத்தார். உள்ளே ஒரு சிமெண்ட் சாக்குக் கிழிசல். பூச்சு வேலையின்போது கலவை உள்ளே போகாமலிருக்கத் திணித்துவிட்டு, எடுக்க மறந்தது. போர் தண்ணீரின் உப்பு வருடக்கணக்காக அதன்மேல் படிந்து கல்லாகியிருந்தது.

"பாத்தீங்களா! சாக்க உள்ள வுட்டுட்டு மறந்துட்டான் மடப்பய..."

எல்போவைக் கையில் திருப்பினார். எல்போவின் முதுகில் ஆக்ஸா பிளேடால் கீறிய ஒரு சின்னச் சிலுவை. சுவரை மூடும் முன் "ஆண்டவரே, ஒழுகாம பாத்துக்கோ" என்று எல்லா வீட்டிலும் சவரியப்பன் கீறுகிற அதே சிலுவை. ஒழுகவில்லைதான். ஆண்டவர் தம் பங்கை ஒழுங்காகவே செய்திருந்தார்.

எல்போ அவருடைய சட்டைப் பைக்குள் போனது. புது எல்போ வைத்து, பசை காயக் காத்திருந்து, ஷவரைத் திருப்பினார். வெந்நீர் ஆவி பறக்கப் பொழிந்தது. கண்ணாடி மறைந்தது, ருக்மணியின் மூக்குக்கண்ணாடியும் மறைந்தது.

"அய்யோ, அருவிண்ணா!" முந்தானையில் கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தாள். "அது சரி, அந்த ஆள எப்ப இழுத்தாரப் போறீங்க?"

அவள் சிலுவையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்கு என்ன தெரியும்? கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் கதை முடிந்தது. சவரியப்பன் பையைத் தூக்கவும் தூக்கினார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

சட்டைப் பையிலிருந்த எல்போவை எடுத்து, சிலுவை மேலே தெரியும்படி சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என் கோடுதாம்மா இது. எண்ணுங்க."

ரெஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். தொப்பையை எக்கி, கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் சடசடக்க, ஈரத் தரையில் முதல் தடவை உட்கார்ந்து எழுந்தார்.