எட்டாம் நம்பர் கிளிப்பு

தையல்காரம்மா பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். நாலு கண் பொத்தான்: குறுக்கே இரண்டு தையல், எதிர்க் குறுக்கே இரண்டு, அடியில் மூன்று சுற்று, ஒரு முடிச்சு. முடிச்சு விழுந்ததும் கை தானாகச் சட்டையை வாய்க்குக் கொண்டுபோனது. இருபத்து மூன்று வருஷப் பழக்கம். முன்பற்களுக்கு நடுவே நூலைக் கொடுத்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் கத்தரி தோற்றுப்போகும். வாயில் கிளிப்பு இருப்பதைக் கை இன்று மறந்துவிட்டது; நூல் பிளாஸ்டிக்கில் வழுக்கியது. கூடவே, மேல்வரிசையில் வலப்பக்கத்து முன்பல் அசைந்து கொடுத்தது.

சட்டையை மடியில் போட்டாள். கிளிப்பைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்தாள். ஆடியது. மறுபடி தள்ளினாள். ஆடுகிற பல்லை நாக்கு சும்மா விடாது. தொடாதே என்று சொன்னால் இன்னும் நாலு தரம் தொடும்.

கிளிப்பு என்பது பல் வரிசை மேல் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி மாதிரியான மெல்லிய உறை. தபாலில் வந்தது. வரவழைத்தவள் தங்கை, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சட்டைக்குக் காலர் வைப்பது எப்படி என்று அக்கா செய்து காட்டியதை அவள்தான் படம் பிடித்து போனில் போட்டாள். கீழே வந்த கருத்துகளில் காலரைப் பற்றி ஒன்று, பல்லைப் பற்றி ஒன்பது. வயரிங் வேலை செய்யும் கணவர் கல்யாணமான நாளிலிருந்து, துருத்திய முன்பல்லை வைத்து அவளை முயலு என்றுதான் கூப்பிடுகிறார். அது அவளுக்கு உறைத்ததே இல்லை. முகம் தெரியாத ஒன்பது பேர் சொன்னது உறைத்தது.

முதலில் ஒரு பெட்டி வந்தது. அதில் நீலமும் வெள்ளையுமாக மாவு உருண்டைகள். இரண்டையும் பிசைந்து ஒரே நிறமானதும் அச்சுத் தட்டில் வைத்துக் கடிக்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தபோது கணவர், "கேரட்டுன்னு நினைச்சுக்கோ முயலு" என்றார். அவள் சிரித்துவிட, உதடும் சேர்ந்து பதிந்தது. இரண்டாவது உருண்டைதான் உருப்பட்டது. ஒரு மாதம் கழித்துப் பதினாறு உறைகள் எண் போட்டு வந்தன. ஒவ்வொன்றும் பதினான்கு நாள். சாப்பிடவும் பல் தேய்க்கவும் தவிர நாள் முழுக்க வாயில் இருக்க வேண்டும். கூட வந்த அச்சுத்தாளைத் தங்கை படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்றாம் நம்பர் முதல் நாள் நெரித்தது. ஐந்தாம் நாள் தளர்ந்தது. தளர்ந்த துணியை யாருக்கும் மாட்டி அனுப்புகிறவள் இல்லை அவள். பல் வரிசையின் அளவு குறைந்துவிட்டது, அடுத்த அளவு போட வேண்டியதுதானே? இரண்டாம் நம்பரை மாட்டினாள். அதுவும் ஐந்து நாளில் தளர்ந்தது. மூன்று போட்டாள். பல் உள்ளே போவது ட்ரையல் ரூம் கண்ணாடியில் கண்கூடாகத் தெரிந்தது. தங்கை ஞாபகமாக, "மாத்தினியாக்கா?" என்று கேட்பாள். "மாத்தினேன்டி" என்பாள். பொய் இல்லை. இப்படியே நாற்பது நாளில் எட்டாம் நம்பருக்கு வந்திருந்தாள்.

இரண்டு நாளாக இன்னொரு கோளாறும் இருந்தது. வாயை மூடினால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் சந்து. மதியம் வெள்ளரித் துண்டைக் கடித்தால் அது இரண்டாகாமல் மடங்கித் திரும்பி வந்தது. இப்போது முன்பல்லும் ஆடுகிறது.

கிளிப்புக் கம்பெனிக்கு போனில் எழுதினாள்: பல் ஆடுகிறது, என்ன செய்ய? உடனே பதில் வந்தது. உங்கள் புன்னகைப் பயணம் அருமையாகப் போகிறது, லேசான அசைவு இயல்பே, தொடருங்கள். லேசு என்றால் எவ்வளவு என்று கேட்டாள். அதே பதில் மறுபடி வந்தது, இந்தத் தடவை ஒரு சிரிக்கிற பொம்மையோடு. எவ்வளவு என்று தானே பார்த்துவிட இஞ்ச் டேப்பை எடுத்தாள். டேப்பில் இருக்கிற மிகச் சின்னக் கோட்டை விடவும் பல்லின் ஆட்டம் சிறியது. ஆனால் நாக்குக்கு அது ஊஞ்சல் மாதிரி இருந்தது.

கணவர் சாப்பிட வந்தபோது சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, நகரணும் என்றுதானே போட்டாய், ஆடாமல் எப்படி நகரும் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. கை கழுவி வந்தவர், ஆனாலும் பல் போனால் சொல் போச்சு என்பார்கள், ஜாக்கிரதை என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. கிளிப்பை மாட்டினால் ஆடுகிற பல்லை அதுவே பிடுங்கிவிடுமோ? மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடுமோ? மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சாயங்காலம் வரை இரண்டு சட்டைதான் முடிந்தது. ஒன்றில் பொத்தான் காஜாத் துளைக்கு நேராக விழவில்லை. இந்தக் கையால் அப்படி நடந்ததே கிடையாது.

மருந்துக்கடை வேலை முடிந்து தங்கை வந்தாள். பெட்டியைத் திறந்து உறைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"மூணாம் நம்பர்தானே இப்ப வாயில இருக்கணும்?"

"எட்டு."

"யாரைக் கேட்டு மாத்தின?"

"லூசாயிடுச்சுடி."

"இது என்ன சட்டையாக்கா, லூசானா பிடிச்சுத் தைக்கறதுக்கு?"

தளர்ந்த பிறகுதான் பல்லுக்கு வேலையே ஆரம்பம் என்றாள் தங்கை. நகர்ந்த இடத்தில் எலும்பு வந்து பற்ற வேண்டும், மிச்ச நாள் அதற்குத்தான், அச்சுத்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது என்று விரலால் காட்டினாள். தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. துணியைப் பிடித்து வைக்கப் போடுகிற தற்காலிகத் தையலை, மெஷின் தையல் ஓடுவதற்கு முன்பே உருவிப்போட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. அப்படித் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல" என்றாள் தங்கை.

"பொடி எழுத்தை ஏன்டி நீ படிச்சுச் சொல்லல?"

தங்கை அச்சுத்தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

புரிந்ததே தவிர, என்ன செய்வது என்பது இன்னும் குழம்பியது. திரும்ப மூன்றைப் போடுவதா? போட்டுப் பார்த்தாள், பாதி கூட ஏறவில்லை. ஏழு ஏறியது, ஆனால் நோவு கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. எட்டு வலிக்கவில்லை. வலிக்காதது நல்லதா கெட்டதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெருமுனைப் பல் டாக்டரிடம் போவோம் என்று தங்கை சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளிப்புக்கு முன்பு ஒருமுறை போனபோது, வரிசை நேராக வேண்டுமானால் இரண்டு பல் எடுக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மா சொன்னதும் அவள் எழுந்து வந்துவிட்டாள்.

"அவங்க எடுக்கறேன்னது பின்னாடிப் பல்லு" என்றாள் தங்கை. "நீ எடுக்கப் பாக்கறது முன்னாடிப் பல்லு."

மறுநாள் காலை கடைக்கதவில், பத்து மணிக்குத் திறக்கும் என்று சாக்குக்கட்டியால் எழுதிவிட்டுப் போனாள். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அதில் பதினாறு உறைகளையும் எண் வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டாள். முதல் ஆளாக உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. இரண்டு விரலால் பல்லைப் பிடித்து அசைத்தார், கடிக்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுத்தார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"மாவுல அச்சு எடுத்தோம் டாக்டர். போட்டோ அஞ்சு அனுப்பினோம்."

"அதுல பல்லு தெரியும். வேரு எங்க தெரியும்?"

படத்தில் ஆடுகிற பல்லின் வேரைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, பக்கத்துப் பற்களை விட அகலமாகத் தெரிந்தது: எலும்பு இன்னும் பற்றாத சந்து. டாக்டரம்மா பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, இரண்டு பக்கத்துப் பற்களோடும் சேர்த்து ஒட்டினார். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்றார்.

"ஏழு போடணுமா, எட்டா டாக்டர்?"

"ஒண்ணும் வேண்டாம். டப்பா இங்கேயே இருக்கட்டும்."

"பல்லு நிக்குமா?"

"இன்னைக்குச் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் அசையாம இருக்கட்டும். அப்புறம் கேளுங்க."

ஆறு வாரம். வெளியே வந்தவளுக்கு அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று பிடிபடவில்லை. நாக்கு போய்ப் பின்னால் இருந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தது. பல் ஆடவில்லை.

பத்துக்குக் கடையைத் திறந்தாள். துணி ஓரத்தில் ஒரு முழம் கிழித்துச் சின்னக் கத்தரியைக் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நேற்றுத் தப்பாக வைத்த பொத்தானைப் பிரித்து, காஜாவுக்கு நேரே வைத்து மறுபடி தைத்தாள். முடிச்சுப் போட்டதும் சட்டை பாதித் தூரம் மேலே வந்தது. அவள் அதைக் கீழே இறக்கி, கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள்.