ஹெலன் சிஸ்டரும் மின்னஞ்சல் குழுவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பாலையின் முதலுதவி அறை நெடுங்காலம் ஹெலனின் பொறுப்பில் இருந்தது. இரும்புக் குழம்பு தெறித்து வருகிறவர்கள், கண்ணில் மணல் விழுந்து வருகிறவர்கள், வெக்கையில் சுருண்டு விழுந்து தூக்கிவரப்படுகிறவர்கள் என்று யார் வந்தாலும் முதலில் பார்க்கும் முகம் அவருடையது. நர்சிங் பள்ளியில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது பிரசவமும் காய்ச்சலும்தான். தூசி, புகை, அமிலம் ஆகியவை மனித உடம்பை என்ன செய்யும் என்பதை அவர் தாமாகவே படித்துத் தெரிந்துகொண்டார். படித்ததையெல்லாம் அச்செடுத்துத் தேதி குறித்துக் கோப்பில் வைப்பார். பக்கத்து ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவருடைய கணவர் யேசுதாஸ், "நம்ம ஊட்ல கட்டிக்கிற துணி கொடியில தொங்குது, காயிதத்துக்கு மட்டும் பீரோ கீது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வட்டாரத்து ஆலை நர்சுகளுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசும் காலத்தில் இவர்கள் மட்டும் மின்னஞ்சலைப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. பல ஆலைகளில் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். முதலுதவி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் நர்சுக்குத் துணை, மேசைமேல் இருக்கும் பழைய கணினிதான். குழுவைத் தொடங்கி நடத்தியவர் திலகவதி, கண்ணாடி ஆலை ஒன்றின் மூத்த நர்சு. சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் குழுவுக்கு விதி என்று எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. விதி இல்லாததன் விலையைப் பின்னால் ஹெலன் கொடுத்தார்.

வார்ப்பு அச்சுக்கு மணலைக் கெட்டிப்படுத்தப் புதிய பிசின் ஒன்று ஆலைக்குள் வந்திருந்தது. அது வந்த கொஞ்ச நாளிலேயே, அச்சுப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சு இறுக்கத்தோடு முதலுதவி அறைக்கு வந்தார்கள். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "பனிக்காலம் சிஸ்டர், அப்படித்தான் இருக்கும்" என்றார். ஹெலன் குழுவுக்கு எழுதினார். தொழிலாளியின் பெயரையோ ஆலையின் பெயரையோ அவர் குறிப்பிடவில்லை. பிசினின் வகை, மூச்சு இறுக்கம் வரும் நேரம், எத்தனை பேருக்கு என்பதை மட்டும் எழுதி, "உங்கள் இடத்தில் இப்படி யாருக்கேனும் வந்ததா?" என்று கேட்டிருந்தார். ஆனால் அதை அனுப்பியது அலுவலக முகவரியிலிருந்து. அந்த முகவரியிலிருந்து போகும் ஒவ்வொரு மடலின் அடியிலும் ஆலையின் பெயரும் விலாசமும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் அவ்வளவு கவனம் வைத்தவர் அந்த அடிக்குறிப்பை மறந்துபோனார்.

குழுவில் இருந்த சுகிர்தா வேறொரு வார்ப்பாலையின் நர்சு. அவருடைய ஆலையிலும் அதே பிசின்தான். பதறிப்போய் ஹெலனின் மடலை அப்படியே தம் மேலாளருக்கு அனுப்பி, "நம் ஆட்களுக்கும் இது வருமா?" என்று கேட்டார். மேலாளர் அதைப் பிசின் விற்பவருக்கு அனுப்பினார். விற்பவரிடமிருந்து அது ஹெலனின் ஆலைத் தலைமைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆலையின் இரகசியத்தை வெளியே சொன்னார் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஹெலன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பணிநீக்கக் கடிதத்தை அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். "இதுல பேஜ் நம்பர் போடல சார். போட்டுக் குடுங்க" என்று திருப்பிக் கேட்டு, போட்ட பிறகே வாங்கிக்கொண்டார். அவர் தொடுத்த வழக்கு இன்றும் நடக்கிறது.

அதற்குப் பிறகு குழு ஊமையாகிவிட்டது. தீக்காயத்தைப் பற்றிக்கூட எவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் வேலை போகும் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்களே. ஹெலனின் மனத்தை அரித்தது வேலை போனது மட்டுமன்று. அவருடைய கேள்வி பதில் இல்லாமல் கிடந்தது. அந்தப் பிசினை இன்னும் எத்தனையோ பேர் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். குழு செத்துவிட்டால் இனி அதைக் கேட்பதற்கு ஓர் இடம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஹெலன் வீடு திரும்பிய கையோடு திலகவதி வந்தார். வந்ததும் வராததுமாக, "சுகிர்தாவ எடுத்துடப் போறேன். எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார்.

"எந்த ரூல்ல எடுப்பீங்க?"

"ரூலு இன்னாடி ரூலு? உன் சோத்துல மண்ணப் போட்டுட்டா!"

"அவ ஆளுங்களுக்கு இன்னா ஆவுமோன்னு பயந்து கேட்டா அக்கா. கேட்டது தப்பில்ல. என் மெயில அப்படியே அனுப்பிச்சதுதான் தப்பு. அனுப்பாதன்னு நாம எங்கனா எழுதி வெச்சிருந்தமா?"

திலகவதி ஹெலனை ஏற இறங்கப் பார்த்தார். அடுப்பங்கரையிலிருந்து யேசுதாஸ் தலையை நீட்டினார்: "இன்னாக்கா அப்படிப் பாக்கறீங்க? எனக்கே ஊட்ல எழுதிப் போட்டுத்தான் தீர்ப்பு."

"நீ டீயப் போடு நைனா, அது போதும்" என்றார் திலகவதி.

அன்றே ஹெலன் எழுத உட்கார்ந்தார். குழுவின் பழைய மடல்கள் எல்லாம் அவர் பீரோவில் அச்சாக இருந்தன. எங்கெங்கே எது தவறிப்போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதற்கொரு விதி எழுதினார். முதல் விதி அவருடைய தவறுக்கே: அலுவலக முகவரியிலிருந்து எவரும் எழுதக் கூடாது. அடுத்தது சுகிர்தாவின் தவறுக்கு: இங்கே எழுதப்படும் ஒரு வரியும், எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகக் கூடாது, வெளியே கேட்டே ஆகவேண்டுமென்றால் கேள்வியை மட்டும், தம் சொந்தச் சொல்லில் கேட்க வேண்டும். ஒரு நர்சு தம் மாமியாரைப் பற்றித் தோழிக்கு எழுதியது முன்பொரு முறை குழு முழுவதற்கும் போய், எல்லோரும் ஆறுதல் எழுதி அவர் மானத்தை வாங்கியிருந்தார்கள். அதன்பொருட்டு, பதில் ஒருவருக்குப் போகிறதா எல்லோருக்கும் போகிறதா என்று பார்த்து அனுப்புவது பற்றி ஒரு விதி. குழுவுக்கு அனுப்பும் காயப் படத்தில் தொழிலாளியின் முகமோ அவருடைய அடையாள டோக்கன் எண்ணோ தெரியக் கூடாது. பண்டிகை வாழ்த்து வேண்டாம். ஒருவர் சொன்ன மருந்து தவறென்றால் எதனால் தவறு என்று காரணத்தோடு எழுத வேண்டும். புதிதாகச் சேர விரும்புகிறவருக்காக உறுப்பினர் இருவர் பொறுப்பேற்க வேண்டும். இந்த விதிகள் வருவதற்கு முன் நடந்த எதற்காகவும் எவரையும் நீக்கக் கூடாது. இந்த வாக்கியம் சுகிர்தா ஒருவருக்காகவே எழுதப்பட்டது என்பது படித்த எல்லோருக்கும் புரிந்தது.

திலகவதி மறுவாரம் வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"இன்னாடி இது? 'தற்போது ஆலையில் பணிபுரியும் நர்சு மட்டுமே உறுப்பினராக இருக்கலாம். வேலையை விட்டால் குழுவை விட்டும் விலக வேண்டும்.' அப்ப நீ?"

"வெளியதான்."

"பைத்தியமா உனக்கு? உனக்காகத்தான இதெல்லாம்!"

"கெமிக்கல் விக்கிறவன் நாளைக்கு நம்மள மாதிரி வேலைய வுட்ட நர்சு ஒருத்தியதான் சம்பளத்துக்கு எடுப்பான்க்கா. அவ உள்ள இருந்தா, எல்லாம் அவனுக்குப் போவும். என் மெயிலு எந்த வழியாப் போச்சுன்னு பாத்தீங்க இல்ல?"

"சரி. ஹெலன் தவிரன்னு ஒரு வரி போட்டுக்கறேன்."

"மொத நாளே ஒருத்திக்குக் கதவத் தொறந்தா, அப்புறம் யாருக்கு மூடுவீங்க? இத்தப் பாத்தாதான் மத்தவங்களுக்குத் தெகிரியம் வரும். எழுதுனவளுக்கே சலுகை இல்லன்னா, யாருக்கும் இல்லன்னு நம்புவாங்க."

திலகவதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.  மறுநாள் விதிகள் குழுவுக்குப் போயின. அதே நாளில் ஹெலனின் பெயர் குழுவிலிருந்து எடுக்கப்பட்டது. அநியாயமாக ஒரு வாசலை அடைத்தவர்களோடு வழக்காடிக்கொண்டிருந்தவர், நியாயத்துக்காக இன்னொரு வாசலைத் தம் கையாலேயே அடைத்துக்கொண்டார்.

குழுவில் மறுபடி எவரேனும் பேசுகிறார்களா என்பது அதன்பின் அவருக்குத் தெரியவில்லை. நர்சுகள் சிலரை ரயிலில் பார்ப்பதுண்டு. ஆனால் குழுவில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதியவர் அவர், எப்படிக் கேட்பார்? வேப்பம்பட்டில் ஒரு சிறிய கிளினிக்கில் பகுதிநேரமாக ஊசி போட்டுக்கொண்டு, ஆலை ஆலையாக வேலைக்கு விண்ணப்பித்தார். பழைய ஆலையின் பெயரைக் கேட்டதுமே பேச்சை முடித்துக்கொண்டவர்கள் பலர்.

ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய திலகவதியை ஹெலன் புதுவாயல் சந்திப்பில் பார்த்தார். நெற்றி நிறையக் குங்குமமும் கையில் வேப்பிலையுமாக நின்றவர், ஹெலனை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். கொல்கத்தா சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. குசலம், வழக்கு, யேசுதாஸின் முதுகுவலி எல்லாம் பேசி முடிந்தது. ஹெலனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"குரூப்புல... யாராவது எதனா..."

திலகவதியின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று மூடிக்கொண்டார்.

"நீ இப்ப மெம்பர் இல்லியே."

"இல்ல. சும்மாதான்... அந்த மூச்சு இறுக்கத்தப் பத்தி..."

"ஹெலனு! டீ ஆறிப்போவுது, குடி."

"சுகிர்தாவாச்சும் நல்லா கீறாளா?"

"நல்லா கீறா. அதுக்கு மேல ஒரு வார்த்த கேட்ட, எழுந்து பூடுவேன். நீ போட்ட ரூலுதான்."

திலகவதி சொன்னதைச் செய்கிறவர். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஹெலன் தலையைக் குனிந்து டீயைக் குடித்தார். குழு செத்துக் கிடந்திருந்தால் திலகவதிக்கு மறைக்க ஒன்றும் இருந்திராது. "ஒருத்தியும் பேசறதில்லடி" என்று இந்நேரம் புலம்பித் தீர்த்திருப்பார். அவரால் சொல்ல முடியாதபடி உள்ளே ஏதோ நடக்கிறது. யாரோ கேட்டிருக்கிறார்கள், யாரோ பதில் எழுதியிருக்கிறார்கள்.  ஹெலன் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பேருந்து ஏறும்போது திலகவதி படியில் நின்று திரும்பினார். "சீக்கிரம் ஒரு வேலயப் புடி. ரெண்டு பேரு பொறுப்பேத்துக்கணும் இல்ல? ஒண்ணு நானு. இன்னொருத்தி நான்தான் ஏத்துக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. யாருன்னு நீயே தெரிஞ்சிக்க."

வீட்டுக்கு வந்த ஹெலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் யேசுதாஸிடம் சொன்னார்: "குரூப்பு உசுரோட கீதுங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றார் ஹெலன். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை யேசுதாஸ் அவர் நர்சிங் சான்றிதழ் வாங்கிய படத்தில்கூடப் பார்த்ததில்லை.