வெள்ளானூரில் ஆள்காட்டிப் பறவையைப் படமெடுத்தது

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஆவடி பதினாலு மைல். மூன்றாம் வகுப்பு மூன்றரை அணா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், பட்டணத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே படமெடுக்க வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. முதலாளி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேமராவும் படம் பதியும் ஆறு கண்ணாடித் தட்டுகளும் தந்திருந்தார். தட்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில், அம்பத்தூர் வருவதற்குள் பெட்டியை மூன்று தடவை காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டேன். எதிரே இருந்த அம்மாள், உள்ளே இருப்பது குழந்தையா என்று கேட்டார்.

ஆவடியிலிருந்து வெள்ளானூருக்கு ஐந்து மைல். ஒற்றை மாட்டு வண்டிக்கு ஆறணா. ஏரிக்கரை ஓரமாக ஆள்காட்டி முட்டையிட்டிருப்பதாக வண்டிக்காரர் ஒரு மேட்டு நிலத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒன்பது மணி. பாதி நிலம் உழுதிருந்தது. ஏரை நிறுத்திவிட்டு உழவர் மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போயிருந்தார். உழாத பாதியில், சரளைக் கற்களுக்கு நடுவே கல்லைப் போலவே நாலு முட்டைகள். பக்கத்தில் துணி கட்டிய ஒரு குச்சி. பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது.

இன்னும் பத்துச் சால் உழுதால் ஏர் இங்கே வந்துவிடும். முட்டை நொறுங்கிவிடும் என்று தோன்றியது. படத்தில் விழுமே என்று குச்சியைப் பிடுங்கினேன். முட்டைகளைக் கைக்குட்டையில் எடுத்துப் போய் வரப்பின் மேல் வைத்தேன். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருந்தது. பறவை அந்தப் பக்கம் வரவேயில்லை.

பத்தேகாலுக்கு உழவர் ஏகாம்பரம் திரும்பி வந்தார். நிலத்தைப் பார்த்தார், என் காலடியில் கிடந்த குச்சியைப் பார்த்தார்.

"இன்னா நைனா, அடையாளத்துக்கு நட்டு வெச்சத புடுங்கிட்டியா?"

ஏர் வந்து முட்டைகளை நொறுக்கிவிடும் என்று பயந்ததைச் சொன்னேன்.

"அத்த சுத்திகினு தான் உழுவேன். வருசா வருசம் அப்டித்தான். ஒனக்கு கீற கவலை எனுக்கு இருக்காதா?"

ஒரு முட்டையை எடுத்து, சூடு இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைக்கலாமென்றால் இடம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிச் சரளை. வெயில் நேரத்தில் இந்தப் பறவை ஏரியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், அது வந்து நிற்கிற இடம்தான் இடம் என்றார்.

"நான் மாட்ட ஓட்டிகினு அப்பால போறேன். நீ கண்ண எடுக்காத பாத்துகினு இரு. அது போதும்."

பதினொரு மணிக்குப் பறவை வந்தது. வயிறு நனைந்து சொட்டியது. வெறும் தரையில் நின்று கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பார்த்துக்கொண்டிருப்பது. ஆனால் கேமராவைத் திருப்பினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே கண்ணாடியில் பறவை தலைகீழாகத் தெரிந்தது. தட்டைச் செருகிப் படத்தை எடுத்தும் விட்டேன். துணியை விலக்கியபோது தரையில் அது இல்லை.

ஏகாம்பரம் வந்து, "எங்க நின்னுச்சி?" என்றார்.

கையை நீட்டினேன். இங்கேயா அங்கேயா என்று அந்தக் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குத்துமதிப்பாக ஓரிடத்தில் முட்டைகளை வைத்து, குச்சியைத் தானே நட்டார்.

பன்னிரண்டரை வரை வரப்புக்குப் பின்னால் படுத்திருந்தேன். பறவை வேறோர் இடத்தில் இறங்கி, நின்று, மறுபடி பறந்தது. ஆவடி வரை நடந்தே போனேன். வண்டியில் உட்கார்ந்து போக மனம் வரவில்லை. மாலை ரயிலில் பெட்டியை ஆட்டிப் பார்க்கவுமில்லை.

அந்தப் படம்தான் இந்தப் பத்திரிகையின் போன இதழில் வந்தது. கம்பீரமாக நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அச்சுக்கு அனுப்புமுன் முதலாளி பார்த்து, வயிற்றில் ஏதோ கறை இருக்கிறது, எடுத்துவிடு என்றார். அது கறையில்லை, ஈரம் என்று நான் சொல்லவில்லை. மெல்லிய தூரிகையால், அரைமணி நேரம் உட்கார்ந்து, வெள்ளையாக்கிக் கொடுத்தேன்.