ஒற்றை முழங்கால் தடம்

சில வருடங்களுக்கு முன்பு, மானிப்பாய்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில், தேரன்று விடியற்காலையில் நடந்தது இது. சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. துள்ளிப் பந்தைப் பிடித்துவிட்டு எப்படி இறங்குவது என்று வலைப்பந்துப் பிள்ளைகளுக்குக் காட்டப்போய், நானே பிழையாக இறங்கினேன். இடது முழங்காலுக்குள் டக் என்று ஒரு சத்தம். எப்படி இறங்கக் கூடாது என்பதையாவது பிள்ளைகள் அன்று படித்திருப்பார்கள். சவ்வு அறுந்துவிட்டது, பின் தொடையிலிருந்து நார் எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள்.

சத்திரசிகிச்சையன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். என் இரண்டு கால்களும் நீட்டிக் கிடப்பதாகவே எனக்கு உணர்வு. அப்போது மருந்து பூசிய ஒரு காலை யாரோ அந்தரத்தில் தூக்கிப் பிடித்தார்கள். ஐயோ பாவம், யாருடைய காலோ என்று நினைத்தேன். பிறகுதான் கணுக்காலில் இருந்த தழும்பு கண்ணில் பட்டது. மோட்டார் சைக்கிள் சைலன்சர் சுட்ட என் தழும்பு. அது என் கால். ஆனால் என்னிடம் இல்லை.

அந்தப் பயத்தில் நேர்ந்துகொண்டேன். அம்மாளாச்சி, இந்தக் காலை எனக்குத் திருப்பித் தா, தேரன்று அடி அழிக்கிறேன் என்று. ஈரச் சேலையோடு கோயில் வீதியைச் சுற்றி வந்து, சில அடிக்கு ஒருமுறை முழந்தாளிட்டு, மண்ணில் விழுந்து கும்பிட்டு எழும்ப வேண்டும். முழங்காலைக் காப்பாற்ற முழங்காலையே பணயம் வைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது! அந்த நேரத்தில் வேறு நேர்த்தி ஒன்றும் வாயில் வரவில்லை.

முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் டொக்டர் ஒருவர் என்னையும் அதில் சேர்த்திருந்தார். மாதம் ஒருமுறை கிளினிக்கில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படி ஏற முடியுமா, குந்தி இருக்க முடியுமா என்று கேள்விகள். மூன்றாம் மாதம் எல்லாவற்றுக்கும் முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். நோவே இல்லை என்று பெருமை வேறு. அவர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ரீச்சர், உள்ளுக்கை வைச்ச நார் முதல்லை செத்துத்தான் போகும். பிறகு மெல்ல மெல்ல இரத்தம் ஓடித்தான் உயிர் பிடிக்கும். உங்கடை காலிலை இன்னும் உயிர் வரேல்லை. நோ இல்லாத இந்தக் காலம்தான் பயமான காலம்."

திரும்பவும் அறுந்தால் திரும்பவும் கத்தி. பிறகு விளையாட்டு மைதானத்தை மறந்துவிட வேண்டியதுதான். அடுத்த கிழமை தேர். நான் டொக்டரிடம் நேர்த்தியைச் சொல்லவில்லை. டொக்டர் சொன்னதை வீட்டில் என் கணவர் இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறித்துவிடுவார். சாமிக்குச் சொன்ன சொல்லை மீற எனக்குத் துணிவில்லை.

கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டு, மற்றப் பெண்கள் போன பிறகு கடைசியாகத் தொடங்கினேன். இவர் வாசலில் நின்றார். தெற்கு வீதி முழுவதும் ஒரு குறையுமில்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு கால் ஊன்றும் சத்தம், மற்றக் கால் மண்ணில் இழுபடும் சத்தம். நான் விழுந்தால் அது நின்றது. எழுந்து நடந்தால் அதுவும் நடந்தது. என் கால்தான் இழுபடுகிறதோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

மேற்கு வீதியில் வெளிச்சம் இல்லை. முன்னால் போனவர்கள் மூலை திரும்பிவிட்டார்கள். முழந்தாளிட்டபோது உள்ளே ஏதோ வழுக்கியது போல இருந்தது. எழும்பு என்று காலுக்குச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. திரும்பவும் யாருடையதோ கால். அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. ஈரமான, குளிர்ந்த கை.

"எழும்புங்கோ தங்கச்சி. உந்தக் காலிலை இன்னும் உயிர் வரேல்லை. மிச்சத்தை நான் அழிக்கிறன்."

டொக்டர் எனக்குச் சொன்ன, நான் ஒருவருக்கும் சொல்லாத வார்த்தை அது. என்னைத் தூக்கி மதிலோடு இருத்திவிட்டு, அந்தப் பெண் இழுபடும் சத்தத்தோடு இருட்டுக்குள் போனாள். முகம் தெரியவில்லை. ஈரச் சேலை மட்டும் தெரிந்தது.

விடிந்த பிறகு இவர் தேடி வந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேருமாக வடக்கு வீதியைப் பார்த்தோம். மற்றப் பெண்களின் தடங்களுக்கு மேலே, ஈர மண்ணில் புதிய தடங்கள் வாசல்வரை வரிசையாகப் போயிருந்தன. நெற்றி, இரண்டு உள்ளங்கை, ஒரே ஒரு முழங்கால். மற்றப் பக்கம் மடியாத கால் கிடந்த நீளக் கோடு. எதையும் பகிடி பண்ணும் இவர், ஒரு தடத்தையும் மிதிக்காமல் விலகி விலகி நடந்தார்.

கோயிலில் கேட்டோம். அப்படி ஒருவரையும் கண்டதாக யாரும் சொல்லவில்லை. அவளும் ஒருநாள் அதே கிளினிக் வாங்கில் உட்கார்ந்து அதே வசனத்தைக் கேட்டிருப்பாள், கேட்டும் கேளாமல் விட்டிருப்பாள் என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் என் காலும் அப்படித்தான் என்று, அந்த இருட்டில், அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நார் தாங்கியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தின் அடியில் 'நேர்த்திக்கடன் ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வியைக் கையால் எழுதிச் சேர்த்தார்.

இப்போது என் முழங்கால் முழுதாக மடிகிறது. டொக்டர் சம்மதித்த பிறகு, ஒவ்வொரு தேருக்கும் அடி அழிக்கிறேன். எழும்பும்போது மண்ணில் பதிந்திருக்கும் இரண்டு முழங்கால் தடங்களையும் பார்ப்பேன். வலது என்னுடையது, இடது அவள் எனக்கு விட்டுத் தந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.