பேனர் வரும்வரை

பசித்த குழந்தையின் முன்னால் பால் பவுடர் லாரியைத் திறக்காமல் நிறுத்தி வைத்தவன் நான்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நிவாரணப் பொறுப்பாளனாக இருந்தேன். வெள்ளம் வந்தபோது பால் பவுடர் லாரியோடு ஆரணி ஆற்றுப் பக்கம் போனோம். பணம் கொடுத்த கம்பெனியின் பேனர் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கட்டிப் படம் எடுக்காமல் நாங்கள் எதையும் கொடுப்பதில்லை.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "காலீலருந்து அழுதுகினே கீது சார். ஒரு பாக்கெட் குடு, போட்டோ அப்பால எட்த்துக்கோ."

"கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

சாலையில் தண்ணீர் ஏறியது. குழந்தையின் அழுகை ஓய்ந்து, தலை அவள் தோளில் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் போனில் பேனரைத்தான் விசாரித்தேன்.

"இதுக்கு மேல நின்னா வண்டி மாட்டிக்கும் சார்" என்று டிரைவர் லாரியைத் திருப்பிவிட்டார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆனதோ என்று இரவெல்லாம் பயந்தேன்.

மறுநாள் என் பணத்தில் பால் பவுடர் வாங்கிக்கொண்டு, விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தை உயிரோடிருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பாக்கெட்டுகளை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்து, என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"பேனர் இன்னும் வரலியா சார்? பரவால்ல, நிக்கிறேன்."

அதில் கேலி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.