கன்னத்துக் குடியிருப்பு

இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த மூன்றாவது வருடம் என் முகம் கெட்டுப்போனது. முதலில் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்தது. பிறகு கன்னமெல்லாம் பொடிப்பொடியாகப் பரு. தோலுக்குள்ளே ஏதோ ஊர்வதுபோல அரிப்பு. முப்பத்துநாலு வயதில் உனக்கென்ன பருவமா என்று கால்சா பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள் பகிடி பண்ணினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை செய்த வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. அதைத் தூக்கி வளர்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

சம்பளம் மட்டும் என்றால் வேறு வீடு பார்த்திருப்பேன். ஒன்பது வயது மகள் கொழும்பில் ஒரு லொட்ஜில் என் தங்கச்சியோடு காத்துக்கொண்டிருந்தாள். மன்னாரிலிருந்து அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே பெரும்பாடு. மகளை இங்கே எடுப்பதற்கு, நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று சிஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, கடிதம் தரவேண்டும். அதைக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் கொடுக்கவேண்டும். கோடை முடியத் தருகிறேன் என்று சிஞோரா சொல்லியிருந்தார். பார்த்து அந்தக் கோடையிலேதான் இந்த முகம் வந்து வாய்த்தது.

ஒருநாள் சிஞோரா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ரோஞா இல்லையே?" என்று கேட்டார். பல்லரோ சந்தையில் மீன்காரர் தெருநாயை விரட்டும்போது சொல்லும் சொல் அது. சொறி. தொற்று இல்லை என்று டொக்டரிடம் எழுதி வாங்கி வா, பிறகு மற்றக் கடிதத்தைப் பார்ப்போம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

என் இத்தாலியன் அடுப்படிக்குள் மட்டும் ஓடும். அதனால் மாடியில் இருந்த யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் எனக்கு ஐந்து வருடம் முந்தி வந்தவர், பாஷையில் பெரிய ஆள் என்று எங்களுக்குள் பெயர். டொக்டர் ஒல்லியான இளம் மனிதர். ஒரு கண்ணாடித் துண்டில் சப்பாத்து ஒட்டும் பசைபோல ஒன்றைச் சொட்டி, என் கன்னத்தில் அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்து உரித்தெடுத்தார். தோலோடு உயிரும் வருகிறதோ என்று இருந்தது. பிறகு அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, "ஆக்கரோ, ஆக்கரோ" என்று சந்தோசமாகச் சொன்னார்.

"என்னவாம், அக்கா?"

"ஏ காரோ எண்டு சொல்லுறார். மருந்து சரியான விலையாம்."

"எவ்வளவு எண்டு கேளுங்கோவன்."

அக்கா டொக்டரிடம் திரும்பி, "மோல்தோ காரோ?" என்று கேட்டார். நல்ல விலையா என்று அர்த்தம். டொக்டர் இரண்டு கையையும் விரித்து, "மோல்தி! மோல்தி!" என்றார்.

"பார்த்தியே? கையை விரிக்கிறார். எங்களால ஏலாது, பிள்ளை. வா, போவம்."

அவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். தொற்று இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கவே எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. விலையைக் கேட்ட பயம்.

மருந்து வாங்க வழி இல்லையென்றால் எங்கள் ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன். கொழும்பிலிருந்து வருபவர் எல்லோரும் கொண்டுவரும் ஒரு கிறீம் ரியூப் இருந்தது. நுளம்புக் கடிக்கும் அதுதான், முகம் வெளுக்கவும் அதுதான். பூசினேன். முதல் கிழமை முகம் பளபளவென்று வந்தது. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு ஒருநாள் பூசாமல் விட்டதும் முகம் நெருப்பாக எரிந்தது. எரிவுக்குப் பயந்து இன்னும் பூசினேன். செப்டெம்பரில் அவித்த இறால் நிறத்தில் இருந்தேன்.

டொக்டர் கடிதம் வருகிறது, வருகிறது என்று சிஞோராவுக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என்னைக் குழந்தையிடமிருந்து விலக்கி அடுப்படியோடு நிறுத்தினார். எனக்கென்று தனிக் கோப்பை, தனித் துவாய். குழந்தை என்னைக் கண்டு கை நீட்டி அழும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தங்கச்சியின் கடிதத்தில் மகள், "அம்மா, நான் உடுப்பு அடுக்கிட்டன்" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அதை வாசித்த அன்று, வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு இத்தாலியன்-தமிழ் அகராதியையும் ரியூப்பையும் எடுத்துக்கொண்டு தனியாக டொக்டரிடம் போனேன்.

ரியூப்பைக் கண்டதும் அவர் தலையில் கை வைத்தார். திரும்பப் பசை, திரும்பக் கண்ணாடி. இந்த முறை என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். நீட்டான உடம்பு, தலைப்பக்கம் எட்டுக் குட்டைக் கால், அசைந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். 'ஆக்கரோ' என்று கடதாசியில் எழுதினார். அகராதியைப் பிரட்டினேன். சிற்றுண்ணி என்று போட்டிருந்தது. 'காரோ'வும் இல்லை, விலையும் இல்லை. எத்தனை உண்ணி என்று அக்கா கேட்பதாக நினைத்துத்தான் அந்த மனிதர் நிறைய நிறைய என்று கையை விரித்திருக்கிறார். முதல் சீட்டில் எழுதித் தந்த களிம்பின் விலையையும் எழுதிக் காட்டினார், ஒரு கிலோ சாளை மீனுக்கும் குறைவு. அந்த இடத்திலேயே அழுதேன். அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன், என்னையும் திட்டினேன்.

டொக்டர் ஆறுதல் சொன்னார். இது சொறி இல்லை. இந்த உண்ணி வளர்ந்த ஆட்கள் அநேகமாக எல்லோர் முகத்திலும் இருக்கிறது, தன் முகத்திலும் இருக்கும். எனக்கு அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டது, அந்த ரியூப் இன்னும் பெருக்கிவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இதையெல்லாம் மெதுவாக, படம் கீறிச் சொல்லி, கடிதமாகவும் எழுதித் தந்தார். நான் பஸ்ஸில் ஏறாமல் வேலை வீடுவரை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சிஞோரா நின்றபடி வாசித்தார். இரண்டாவது வரியில் கண் நின்றது. "உண்ணியா?" என்றார். அதற்குக் கீழே தொற்றாது என்று எழுதியிருந்தது. வாசியுங்கள் என்று விரலால் காட்டினேன். அவர் கடிதத்தை நுனியில் பிடித்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கவேண்டும். டொக்டரையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சியிருக்கவேண்டும். மூன்று மாதம் தனிக் கோப்பையில் குடித்த ஆத்திரம் விடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் படித்த நல்ல இத்தாலியனில் சொன்னேன்: "உங்கள் முகத்திலும் இருக்கிறது, சிஞோரா."

அவருடைய ஈரக் கை தன் கன்னத்துக்குப் போனது. அன்றைக்கே என் சாமான்களை எடுக்கச் சொன்னார். வேலைக் கடிதமும் இல்லை.

களிம்பு பூசி ஆறு கிழமையில் என் முகம் துப்புரவானது. எனக்குக் கடிதம் தந்த வீடு கிடைக்க நாலு வருடம் எடுத்தது. மகள் வந்து இறங்கியபோது பதின்மூன்று வயது. முத்தத்துக்காகக் கன்னத்தைக் குனிந்து கொடுத்தேன். அவள் கூச்சப்பட்டு, ஆசிரியைக்குக் கொடுப்பதுபோல, கையை நீட்டினாள்.