பதினோரு நாள் சாத்துக்குடி

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு க்யூ என்றால் அவள்தான். தண்ணீர் லாரி, மண்ணெண்ணெய், ரேஷன் சர்க்கரை, கரண்ட் பில், எதுவானாலும் நமக்குப் பதிலாக அவள் போய் நிற்பாள். நிற்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. கால்வாய் ஓரத்துக் குடிசையில் இருந்ததால் அவளுக்கென்று ஒரு ரேஷன் கார்டு கிடையாது. ஆனால் தெருவிலுள்ள பாதிப் பேருடைய கார்டு அவள் பையில்தான் கிடக்கும். என் கார்டு நம்பரை நான் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவளுக்கு அது மனப்பாடம்.

நான் அப்போது மகளிர் குழுத் தலைவி. இரண்டாயிரம் பிறந்த புதிது, தெருவுக்குத் தெரு குழு முளைத்துக்கொண்டிருந்த சமயம். பத்தாவது வரை படித்திருந்தேன், வாயும் நீளம், வேறென்ன தகுதி வேண்டும்? சுகாதார மையத்து நர்சம்மா ஒருநாள் கூட்டத்துக்கு வந்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கூலில் கேம்ப் போடுகிறோம், முப்பது வயது தாண்டியவர்களை அனுப்பி வையுங்கள் என்றார். கார்டு உள்ள வீடுகளுக்காக இருபது சீட்டு கொடுத்தார். வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு எவர்சில்வர் தூக்கு உண்டு.

இரண்டு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "அஞ்சு நிமிஷ வேலை. பஞ்சால லேசாத் தொட்டு ஒரு கண்ணாடித் துண்டுல தடவுவாங்க, அவ்ளோதான். வலியே இருக்காது" என்றேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நர்சம்மா சொன்னதைக் கேட்டுச் சொன்னதுதான். கோடி வீட்டுக்காரி மட்டும், "நீ பண்ணிகினியாக்கா?" என்று கேட்டாள். "தலைவி எப்பவும் கடைசியிலதான் போவணும்" என்றேன். அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

கேம்ப் நாளன்று மூன்றாம் வகுப்பு அறையில் பெட்ஷீட் கட்டி மறைத்திருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. நான் வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினேன். போனவள் புடவையைச் சரி செய்துகொண்டு வெளியே வருவாள், தூக்கை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடையைக் கட்டுவாள். பத்தொன்பது பேர் முடிந்தார்கள். இருபதாவது சீட்டு என் கையில் இருந்தது. பெட்ஷீட்டை விலக்கி எட்டிப் பார்த்தேன். தட்டில் வாத்து மூக்கு மாதிரி ஒரு எஃகுச் சாமான் பளபளத்தது. பெட்ஷீட்டை விட்டுவிட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

கேம்புக்குத் தண்ணீர் தூக்கி வந்திருந்த அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் மேசை மேல் மிச்சமிருந்த தூக்கின் மேலேயே இருந்தது.

"சோக்கா கீதுக்கா அந்தத் தூக்கு. உனுக்கு இன்னாத்துக்கு? உன் வூட்ல தான் நாலு கீதே."

"எனக்குப் பதிலா போயிட்டு வர்றியா?" என்றேன். மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்கிற அதே குரலில்தான் கேட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைத் தப்பென்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"நிக்கணுமா?"

"படுத்துக்கணும்."

"நாள் பூரா நின்னுகினு கீறேன். படுக்கச் சொன்னது நீ ஒருத்திதான்க்கா" என்று சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே என் பெயர், என் வயது, என் வீட்டுக்காரர் பெயர் எல்லாவற்றையும் அவள் கணீரென்று ஒப்பிப்பது வாசல் வரைக்கும் கேட்டது. ஐந்து நிமிடத்தில் தூக்கோடு வெளியே வந்தாள். எல்லாச் சீட்டுக்கும் ஆள் அனுப்பிய ஒரே குழு எங்களுடையது என்று அடுத்த கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து நர்சம்மா வீட்டுக்கு வந்தார். என் பெயர் எழுதிய காகிதத்தைக் கொடுத்து, "பயப்படாதீங்க, ஆனா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும். சில மாற்றம் தெரியுது" என்றார். காகிதத்தின் அடியில் தேதி போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர் அவர். பதினாலு வருடக் குடித்தனத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தவரில்லை. அன்று சாயங்காலம் ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்தார். பை கனமாக இருந்ததால் தெருமுனையில் நின்றிருந்த அவளைத்தான் கூப்பிட்டு மாடிக்குத் தூக்கிவரச் சொன்னார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, "அக்காக்கு இன்னா நைனா?" என்று கேட்டாள். "உடம்பு சூடு" என்றார். தெரு முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பொன்னாடை என்ன ஆவது? நர்சம்மா முகத்தில் எப்படி விழிப்பது? கோடி வீட்டுக்காரி சும்மா விடுவாளா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் குழு வேலை, அமாவாசை, தலைவலி என்று ஒவ்வொரு சாக்காகச் சொன்னேன். அவர் தினமும் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார், நான் தின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது. நோய் யாருக்கு இருந்ததோ அவள் எனக்குத் தண்ணீர்க் குடத்தை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது நாள் குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கொஞ்ச நாளா இடுப்பு வுட்டுப் போவுதுக்கா" என்றாள். என் கையில் பாதி உரித்த சாத்துக்குடி இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காகிதத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

"உன் பேர்ல தானே வந்து கீது?"

"பேருதான்டி என்னுது. பாத்தது உன் உடம்ப."

அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எப்ப வந்துச்சு?"

"நேத்து" என்றேன்.

மறுநாளே போனோம். துணைக்கு அவள் வருகிறாள் என்றதும் வீட்டுக்காரருக்கு நிம்மதி. "க்யூவுல அவ நிப்பா, நீ உக்காந்துக்கோ" என்றார். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள். காகிதத்தில் ஒரு பெயரும் ஆள் வேறு பெயருமாக இருந்தால் ரேஷன் கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவள் அனுபவம். கையெழுத்து கேட்டதும் கட்டை விரலை நீட்டினாள். பத்தாவது படித்த நான் அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் கைநாட்டு.

இது புற்று இல்லை, ஆனால் விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மூன்று தடவை போய் வந்ததில் அந்த இடத்தைச் சரி செய்து அனுப்பினார்கள். கடைசித் தடவை அங்கிருந்த நர்ஸ் அவளைக் காட்டி என்னிடம், "இவங்களப் பாருங்க, குழுத் தலைவியாம், தைரியமா வந்திருக்காங்க. நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அவள் முந்திக்கொண்டு தன் பெயரை எனக்கு வைத்து, தன் குடிசையைச் சொல்லி, சீட்டு எழுதி வாங்கிவிட்டாள். "போக்கா. இந்த க்யூவுல உனுக்காக நான் நிக்க முடியாது" என்று முதுகைத் தட்டினாள். போய்ப் படுத்தேன். ஐந்து நிமிடம்தான் ஆனது. வலியும் இல்லை. வீடு வீடாகப் போய் நான் அளந்துவிட்டதெல்லாம் நிஜமாகவே இருந்தது. அவள் பெயரில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

நான் பிழைத்ததற்காக என் வீட்டுக்காரர் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவள் அவர் தலையைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். அடுத்த கேம்ப் வந்தபோது எனக்கு முன்னால் வீடு வீடாகப் போனவள் அவள்தான். "இந்த அக்கா மட்டும் அன்னிக்கு என்ன அனுப்பலேன்னா நான் இன்னிக்கு இல்ல" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அது உண்மைதான். நான் யோக்கியமாகப் போய்ப் படுத்திருந்தால் என் கண்ணாடித் துண்டு சுத்தமாக இருந்திருக்கும், அவளை ஒருத்தரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். என் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு அவள் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு பேர் காகிதங்களும் ஒரே மஞ்சள் பையில் என் வீட்டில்தான் இருந்தன. மூன்று வருடம் கழித்து, மறுபடி செக்கப்புக்குப் போகிற நாளன்று, எதை எடுத்துப் போவது என்று பையைக் கொட்டி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தெரியாதே தவிர, டோக்கன் நம்பரும் பஸ் நம்பரும் பார்த்துப் பழகியவள், எண்ணில் புலி. நர்சம்மா போட்ட தேதியையும் ஆஸ்பத்திரி முத்திரைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரல் கணுக்களில் எண்ணினாள். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"நேத்துன்னு சொன்னியேக்கா."

நான் கொட்டிக் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்போ அந்தச் சாத்துக்குடி சூட்டுக்கு இல்லியா?"

"இல்லடி."

"அதெல்லாம் என்னுதாக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

அன்று செக்கப்புக்கு அவள் தனியாகத்தான் போனாள். மறுநாள் தேரடி மார்க்கெட்டுக்குப் போய் எண்ணிப் பதினோரு சாத்துக்குடி வாங்கி, நானே மாடிக்குத் தூக்கிவந்து, குடம் இறக்க வந்திருந்த அவள் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து, கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டு, பதினொன்றையும் தின்று முடித்தாள். எதிரிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சுளைகூடக் கொடுக்கவில்லை.